401இல் அணைந்த விளக்கு

மாலை ஐந்து மணிக்கு, நான் விருந்தாளியாக வந்திருந்த மல்வேர்னில் காரில் ஏறினோம். அதற்குள் நன்றாக இருட்டி, பனியும் தூறத் தொடங்கியிருந்தது. கச்சேரி நடக்கும் அஜக்ஸ் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் 401 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகவேண்டும் என்றதுமே சீட் பெல்ட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன். திருச்சியில் மொபெட் ஓட்டவே பயப்படுகிறவன் நான்.

ஓட்டியவர் நண்பர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். பின் இருக்கையில் கித்தாரோடு அவர் மகள் அபி. அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு வந்த பிரிட்டிஷ் ராக் ஆல்பம் ஒன்றை அன்று அவளுடைய குழு முழுதாக வாசிக்கப்போகிறது. நுழைவு இருபது டாலர்.

"இதைக் கேட்டுத்தான் அங்கிள் நான் கித்தார் பழகினனான்," என்று அபி காரிலும் அதையே ஒலிக்கவிட்டாள்.

"உது எனக்கும் தெரியும்," என்றார் சிவநேசன். "சண்டைக்குள்ளை பற்றரி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் கசற் கேக்கிறது. சுத்துறவன் களைச்சால் பாட்டும் இழுபடும்."

சிரித்தோம். பிக்கரிங்கைத் தாண்டும்போது பாட்டு ஓய்ந்து, ஸ்பீக்கரில் ஒரு ஹெலிகாப்டர் சத்தம் எழுந்தது.

சிவநேசன் முன்விளக்கை அணைத்துவிட்டார். வண்டியின் வேகமும் சட்டென்று குறைந்தது. பின்னால் லாரியின் ஹாரன் அலறியது. செத்தோம் என்றே நினைத்தேன்.

"அப்பா, லைற்!"

விளக்கு எரிந்தது. லாரி காரை உலுக்கிக்கொண்டு கடந்துபோனது. அவர் ஓரமாக நிறுத்தினார்.

"ஊரிலை ஹெலி சுட வந்தால் லைற்றை நூத்துப்போட்டு நிக்கிறது. கை தன்ரை பாட்டிலை நூத்துப்போட்டுது," என்றார். "அந்த இடம் வந்தால் கசற்றையும் நிப்பாட்டிப்போடுவம். இல்லாட்டி அயலட்டைச் சனம் உண்மையெண்டு பங்கருக்குள்ளை ஓடும்."

"அப்ப இண்டைக்கு அந்த சவுண்ட் இல்லாமல் வாசிக்கிறம்," என்றாள் அபி.

"வேண்டாம். அதுக்குப் பிறகு என்ன வருதெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை."

மண்டபத்தில் அந்தச் சத்தம் தொடங்கியபோது எல்லா விளக்குகளையும் அணைத்தார்கள். சத்தம் தலைக்கு மேலே வருவதுபோல் வளர்ந்தது. சிவநேசன் என் கையைப் பற்றினார். எலும்பு வலித்தது. எழுந்து ஓடிவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு அபியின் கித்தார் தொடங்கியது. அவர் அசையாமல் கடைசிவரை கேட்டார், ஆனால் என் கையை விடவில்லை.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் அதே கையைக் குலுக்கி விடைபெற்றேன். சிறுவயதில் திருச்சியில் ஹெலிகாப்டர் வந்தால் நாங்கள் தெருவுக்கு ஓடிப்போய் டாட்டா காட்டுவோம். இதை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.