குளோரியக்காவின் துணிக் கிளிப்பு

புதுக்கடை சந்திப்பில் என் செருப்புக் கடைக்கு அடுத்த கடை பேக்கரி. உரிமையாளர் யேசுரத்தினம் என்று போர்டில் எழுதியிருக்கும். போர்டை நம்பிவிடாதீர்கள். விடியுமுன் வந்து மாவு பிசைவதும், அடுப்பு மூட்டுவதும், பன் வேகும்போது வாசனையை வைத்தே பதம் சொல்வதும் அவர் மனைவி குளோரியக்கா. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அதையும் ஒருவர் செய்யத்தானே வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பன் வாங்கப் போனேன். அக்கா மூக்கில் துணி காயப்போடும் நீலக் கிளிப்பை மாட்டிக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டபடி ரஸ்க் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சளியா?"

"சளியொண்ணும் இல்ல முருகதாசு. சும்மா."

சும்மா யாராவது மூக்கில் கிளிப்பு மாட்டுவார்களா? அவள் கிறுக்குப் பிடித்தவள் அல்ல என்பது சந்திப்பு முழுக்கத் தெரியும். அண்ணனைக் கேட்டேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டே, "ரெண்டு வாரமா அப்பிடித்தான் நடக்கா, என்னத்தக் கேக்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். எனக்குக் காரணம் தெரிய ஏப்ரல் வரவேண்டியிருந்தது.

எங்கள் வியாபாரிகள் சங்கம் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சுற்றுலா போகும். ஊட்டி, மூணாறு, குற்றாலம் என்று போகாத இடமில்லை. எங்கே போனாலும் தண்ணீரில் இறங்காமல் எங்கள் ஆள்கள் திரும்புவதில்லை. அப்படி முதல் முறை அதிரப்பள்ளிக்குப் போனபோது அக்காவுக்குக் காய்ச்சல். கரையில் உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஆள் செயின், வளையல், செல்போன், பர்ஸ் எல்லாவற்றையும் அவள் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனோம். திரும்பி வந்ததும் அவரவர் பொருளை அவரவர் கையில் கொடுத்தாள். என் மனைவி சபிதாவின் ஹேர்ப்பின்னைக்கூட மறக்கவில்லை. போச்சு. அன்றைய காய்ச்சல் ஆயுசுக்கும் உத்தியோகமாகிவிட்டது. அடுத்த வருடம் முதல், வண்டி நிற்குமுன்னே, "குளோரியக்கா எங்க, இதக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க" என்று கழற்றத் தொடங்கிவிடுவார்கள். "அக்கா கையில குடுத்தா பேங்க் லாக்கர்" என்று சங்கச் செயலாளர் ராஜகுமார் ஊருக்கெல்லாம் சொல்வார். பெருமையாகத்தான் சொன்னார். லாக்கர் குளிக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

அவள் பிறந்தது குலசேகரம் பக்கம். திற்பரப்பு அருவி ஒரு நடை தூரம். ரப்பர்த் தோட்டத்து வீட்டில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவள், தம்பி தங்கைகள் குளிக்கும்போது அவர்கள் துணிக்குக் காவல் இருந்தவள். கல்யாணம் ஆகிப் புதுக்கடைக்கு வந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். மூத்தவள் லிஜா குவைத்தில் நர்ஸ். ஆக, ஐம்பத்துநாலு வயது வரைக்கும் அக்கா தலை நனையக் குளித்தது குளியலறையில் மட்டும்தான்.

இந்த வருடம் ஜனவரியிலேயே ராஜகுமார் பெரிதாகத் துள்ளினார். ஊட்டி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, நாம் லட்சத்தீவுக்குப் போகிறோம், கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்கிறோம் என்றார். அனுமதி வாங்கி, கொச்சியில் கப்பல் ஏறி, ஆடி ஆடி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, கட்மத் தீவில் போய் இறங்கினோம். கப்பல் தூரத்தில் நின்றுகொள்ள, சின்னப் படகில்தான் கரைக்குப் போகவேண்டும். அந்தப் படகில் இருந்து, வாந்தி எடுத்தவர்கள்கூட எட்டி எட்டிக் கீழே பார்த்தார்கள். அடியில் கிடக்கிற மணல் தெரிகிறது, மணலில் நம் படகின் நிழல் தெரிகிறது. நம் கடலோ எந்நேரமும் சண்டைக்கு வருகிற கடல். இது தட்டில் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு சைக்கிள் மிதித்தோம். சூரை மீன் குழம்பும் தேங்காய்ச் சோறும் தின்றோம். கயாக் என்கிற ஒல்லிப் படகில் துடுப்புப் போட்டுச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றோம். மிதவை உடுப்பும் மூச்சுக் குழாயும் மாட்டி மேலாகக் கிடந்து மீன் பார்த்தோம். அத்தனை நேரமும் அக்கா தென்னை மூட்டில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள், மடியில் எங்கள் தங்கம். முங்க வந்த இடத்துக்குத் தங்கம் என்னத்துக்கு என்று கேட்காதீர்கள். எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்குப் போனாலும் ஒரு செயின் கிடக்கும். தங்கியிருந்த குடிசையில் வைத்துப் பூட்டவும் மனசு வராது.

மூன்றாம் நாள்தான் ஸ்கூபா. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அடியில் போவது. சொல்லிக்கொடுக்கிறவர் அந்தத் தீவுக்காரர், குஞ்ஞிக்கோயா. காலையில் ராஜகுமார் முதல் ஆளாகப் போனார். வந்து சுறாவைப் பார்த்ததாகச் சொன்னார். கூடப் போன சபிதா அது பெரிய பாறை என்றாள். நானும் போனேன். காது வலித்தது, பாதியில் கையைக் காட்டி மேலே வந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் விரும்பியவர்கள் எல்லாம் முங்கி முடித்தார்கள். அடுத்து கண்ணாடித் தளம் போட்ட படகில் எல்லாரும் போவதாக ஏற்பாடு. படகு வந்து நின்றது. அக்கா மடியில் இருந்ததையெல்லாம் துண்டில் முடிந்து எழுந்து வந்தாள்.

"இனி நான் எறங்குதேன்" என்றாள்.

எங்கே என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. அவள் சிலிண்டரைக் காட்டினாள்.

"அப்போ இந்தச் சாதனம் எல்லாம் ஆரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டார் ராஜகுமார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சோறு எங்கே என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அதுதான் சுருக்கென்று இருந்தது.

"இவிடெ ஆரும் ஒண்ணும் எடுக்கில்ல. மணலில் வெச்சிட்டு போயிக்கோ" என்றார் கோயா சிரித்துக்கொண்டே. தங்கத்தை மணலில் வைப்பதாவது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் அல்லவா, ராஜகுமார் விடவில்லை.

"நீந்தத் தெரியாதுல்லா உங்களுக்கு? ஆழந் தெரியாம காலு விடப்பிடாது அக்கா."

"ஆழம் பாக்கத்தானே மக்கா இவ்வளவு தூரம் வந்திருக்கு?"

சபிதா என் தோளை இடித்தாள். அக்காவின் கழுத்தைப் பார்க்கச் சொன்னாள். ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. காது, கை எல்லாம் மூளி. புறப்படும்போதே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்று நாளாக எங்கள் தங்கத்தை அவளிடம் கொடுத்த எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

அக்கா ராஜகுமார் பக்கத்தில் போய், முடிச்சை அவர் கையில் வைத்தாள். "சங்கத்துக்க செயலாளர் நீதானே? சங்கத்துக்க பொருளு உனக்க கையில இருக்கட்டு." கோபம் ஒரு துளிகூட இல்லாமல் சொன்னாள். கோயாவிடம் திரும்பி, ஆஸ்துமா இல்லை, பிரஷர் இல்லை, காதில் ஆப்பரேஷன் செய்ததில்லை என்று அவர் கேட்குமுன்னே ஒப்பித்தாள். கண்ணாடிப் படகுக்குப் போக மற்றவர்கள் நகர்ந்தார்கள். நகர்ந்தும் போகவில்லை, வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பழக்கம். மூக்கையும் கண்ணையும் மூடுகிற கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் கடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவேண்டும். அக்கா வைத்தாள். வைத்த வேகத்தில் துள்ளி எழுந்தாள். பழக்க தோஷத்தில் மூக்கால் மூச்சை இழுத்திருக்கிறாள், கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர். இருமி இருமி முகம் சிவந்துவிட்டது. மறுபடி வைத்தாள், மறுபடி அதேதான்.

"சொன்னேன்லா? கேறி வாங்க அக்கா" என்று கரையிலிருந்து ராஜகுமார் கூப்பிட்டார். படகுக்காரரும் ஹாரன் அடித்தார். இங்கேயே விட்டுவிட்டால் அக்கா அடுத்த வருடம் மறுபடி துண்டு விரிப்பாள், அதற்கடுத்த வருடமும் விரிப்பாள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும்தான்.

"நனைஞ்சாச்சு. இனி முக்காடு என்னத்துக்கு?" என்றாள் அக்கா. பிறகு கரையில் நின்ற அண்ணனைப் பார்த்து, "கேட்டீங்களா, எனக்க பையில அந்த நீலக் கிளிப்பு கெடக்கு. எடுத்துட்டு வாங்க."

யேசுரத்தினம் அண்ணன் கடையில் ஒரு தட்டை எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. அந்த மனுஷன் பையைக் குடைந்து கிளிப்பை எடுத்து, வேட்டியைத் தூக்கிக் கட்டக்கூடத் தோன்றாமல், விறுவிறுவென்று தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பு வரை நனைந்துபோய் அவள் கையில் கொடுத்தார்.

"பேடிக்காத குளோரி" என்றார். பயந்தது என்னவோ அவர்தான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கிளிப்பை மூக்கில் மாட்டினாள். குழாயைக் கடித்து, முகத்தை உள்ளே வைத்தாள். கோயா கண்ணை விரித்துப் பார்த்தார். குமிழி வந்தது. பிறகும் வந்தது. ரஸ்க் பாக்கெட் கட்டும்போது எப்படி நிதானமாக மூச்சு விட்டாளோ அதே நிதானத்தில் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் பிப்ரவரி மாதம் விளங்கியது. இந்த ஒரு நாளுக்காக அவள் கடையில் நின்று, வாங்க வந்தவன் போனவன் கேலியெல்லாம் கேட்டுக்கொண்டு, வாயால் மூச்சுவிடப் பழகியிருக்கிறாள். என் கண் நிறைந்துவிட்டது. உப்புத் தண்ணீர் தெறித்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நிமிர்ந்து கிளிப்பை அண்ணனிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். இந்த முறை கண்ணாடியை மாட்டி முகத்தை வைத்தபோது அவள் துள்ளவில்லை. "கொள்ளாம், சேச்சி, போகாம்" என்று கோயா பச்சைக்கொடி காட்டினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிதவை உடுப்பையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கொண்டு, அவர்கள் போகிற திசையில் மேலாக மிதந்தபடி போனேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் நடப்பதெல்லாம் தெரிந்தது. கோயா அவள் சிலிண்டரைப் பிடித்திருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி மூக்கைப் பிடித்துக் காதைச் சரிசெய்யச் சொன்னார், செய்தாள். நான் திரும்பி வந்த ஆழத்தைத் தாண்டிப் போனாள். பவளப் பாறை ஒன்று வந்தது. அதைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாக மீன்கள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால், அக்கா கையிரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, நகைக்கடைக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். ஒரு கிளி மீன் பாறையைக் கடிப்பதைத் தலை சாய்த்துப் பார்த்தாள். அங்கிருந்து கடல்புல் முளைத்த இடத்துக்குப் போனார்கள். ஒரு பெரிய ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தது, மறுபடி மேய்ந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவசரமே இல்லை. கோயா காற்றளவைக் காட்டி மேலே கைகாட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் என்று விரலால் கேட்டதை மேலிருந்து நான் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் கூடுதல் நேரம் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

கரைக்கு வந்தபோது சபிதாவும் மற்ற பெண்களும் தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கண்ணாடிப் படகு போய்விட்டிருந்தது. யாருக்கும் அதில் போகத் தோன்றவில்லையாம். ராஜகுமார் மட்டும் தென்னை மூட்டில், முடிச்சை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"எப்பிடி அக்கா இத்தன வருசம் இத வச்சுட்டு இருந்தீங்க? ஒரு சாயா குடிக்க எழும்ப முடியல்ல. கண்ண எடுக்க முடியல்ல."

அக்கா முடியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "நான் எங்க மக்கா அதப் பாத்தேன்? நீங்க எல்லாரும் வெள்ளத்தில கெடந்து சிரிக்கதையில்லா பாத்துட்டு இருந்தேன்."

ராஜகுமார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முடிச்சை அவளிடம் நீட்டப்போனார். அக்கா கையை நீட்டவில்லை.

"அத அப்பிடியே வச்சுக்க. நான் கயாக்கில ஒரு சுத்து போயிட்டு வாறேன்" என்றாள். நாலடி போய்த் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "நீங்களும் வாங்க. நனைஞ்ச வேட்டிதானே."

அண்ணன் சட்டைப் பையில் கிளிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.