துடைத்தும் போகாத உப்புக்கறை

தொண்ணூறுகளின் நடுவில், சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது இது. எங்கள் பக்கம் போர் தண்ணியின் உப்பைத் திட்டாமல் பொழுது போகாது. முடி கொட்டினால் உப்புத் தண்ணி, பருப்பு வேகாவிட்டால் உப்புத் தண்ணி. குடிக்க வரும் நல்ல தண்ணியை மீனுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? எங்கள் மீன் தொட்டிக்கும் போர் தண்ணிதான். கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது.

என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. சாயங்காலம் வந்ததும் தொட்டிக்கு எதிரே ஒருக்களித்துப் படுத்து மீனைப் பார்ப்பார். "ஏன் அம்மணி, ஒரே மங்கலாத் தெரியுது. இந்தக் கண்ணாடியத் தொடைச்சா என்னவாம்?" என்று தினமும் ஒரே பாட்டு. "நீங்க வாங்கியாந்த மீனு, நீங்களே தொடைங்க" என்று நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கறி வாங்கப் போயிருந்தபோது ரோஷத்தோடு உட்கார்ந்துவிட்டேன். மீன்களை அதே தண்ணியோடு வாளிக்கு மாற்றினேன். சோப்புப் போட்டால் மீன் செத்துப்போகும் என்று, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கறையில் தேய்த்து, சாற்றில் நனைத்த துணியை ஒட்டி ஊறவிட்டேன். பிறகு பிளேடால் சுரண்டச் சுரண்ட உப்பு செதில் செதிலாக உதிர்ந்தது. விரலெல்லாம் எரிச்சல். ஆனால் கழுவி முடித்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவர் வழக்கம்போலப் படுத்தார். பாராட்டுவார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"நாளைக்காவது தொடைச்சுப்போடு அம்மணி" என்றார்.

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை. வலது கண் தலையணையில் புதைந்திருக்க, இடது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்று உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தது. இடது கண்ணுக்கு மீனும் சுவரும் ஒன்றுபோல மங்கல். மனுஷர் நம்பாமல் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். லேத் வேலைக்காரருக்குக் கண்தானே சோறு போடுகிறது.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் நீர் அழுத்தமாம். "போன பார்வை திரும்பாதுங்க. மிச்சத்தக் காப்பாத்திரலாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா அந்தக் கண்ணே போயிருக்குமுங்க" என்றார் டாக்டர். சொட்டு மருந்தும் ஒரு ஆபரேஷனுமாக, சொன்னபடியே மிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

கண்ணாடியில் கறை இருந்தது உண்மை. அதனால்தான் வேறு காரணம் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அன்றைக்கு ரோஷம் வராமல் நான் அந்தத் தொட்டியை அப்படியே விட்டிருந்தால், கண் முழுசாக அவிந்துபோகிற வரைக்கும் உப்புத் தண்ணியைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்போம்.