புது நன்மைக்கு ஒரு கிறீம் பிஸ்கட்

கிறீம் பிஸ்கட்டின் நடுவில் இருப்பது பாலாடை என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். "அது கொழுப்பும் சீனியுந்தான்" என்றாள் மனைவி. "உமக்கு இரண்டாவது கொஞ்சம் குறைவு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

என் தங்கையின் மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. துளி பட்டாலும் உதடு தடித்து மூச்சு இழுக்கும். மாதா கோயில் விருந்துகளில் மற்றப் பிள்ளைகள் பிஸ்கட்டைப் பிரித்துக் கிறீமை நக்க, இவள் ஒரு வாழைப்பழத்தோடு இருப்பாள். இப்போது அவளுக்குப் புது நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், வந்தது. அன்றைக்காவது எல்லாரும் சாப்பிடுவதையே பிள்ளையும் சாப்பிட வேண்டும், தனித்தட்டு கூடாது என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

பாலில்லாமல் பிஸ்கட் சுடுவது லேசாக முடிந்தது. கிறீம்தான் வதைத்தது. பட்டர் ஆகாது. மாஜரின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பால். தேங்காய் எண்ணெய் பிரிட்ஜுக்குள் அழகாக உறைந்தது. வெளியே எடுத்துத் தேத்தண்ணி ஆறுவதற்குள் மேல் பிஸ்கட் வழுக்கி மேசைக்கு வந்துவிட்டது. பேக்கரிச் சாமான் கடையில் பாமெண்ணெய்க் கொழுப்பு வாங்கினாள். அது எங்கள் ஊர் வெக்கைக்கு அசையவில்லை. வாயிலும் கரையவில்லை. மெழுகுதிரியைத் தின்றதுபோல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பிறகு இரண்டையும் கலந்தாள். ஒவ்வொரு கலவையையும் என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துச் சீனன்குடாவுக்கு என்னோடு வேலைக்கு அனுப்பினாள். பின்னேரம் திறந்து பார்ப்பாள். "இதுவும் ஏலாது" என்பாள். ஒருநாள் கிறீம் வைத்தபடியே இருந்தது. நாக்கில் வைத்தேன், சத்தமில்லாமல் கரைந்து போனது. வெக்கைக்கும் வாய்ச்சூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அந்தச் சின்ன இடைவெளியை இவள் பிடித்துவிட்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கெட்டிக்காரிதான்" என்றேன்.

"பிள்ளை சாப்பிட்டாப் பிறகு சொல்லுங்கோ."

பூசை முடிந்து தட்டு வந்தது. வெள்ளை உடுப்போடு நின்ற பிள்ளை கை நீட்டாமல் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்குள்ள என்ன?"

"மாமி செய்தது. நானும் பக்கத்தில நிண்டனான். பயப்பிடாமச் சாப்பிடு" என்றாள் தங்கை.

பிள்ளை மற்றவர்களைப் பார்த்து, அவர்களைப்போலவே பிஸ்கட்டைத் திருகிப் பிரித்து, கிறீமை நக்கினாள். தங்கை அவளுடைய உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மனைவியும்தான். உதடு அப்படியே இருந்தது, சீனி மட்டும் ஒட்டியிருந்தது.

இரண்டாவது பிஸ்கட்டை எடுக்கும்போது பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கவேயில்லை.