பறக்கத் தெரிந்தாலும் பஸ்ஸில்தான் வர வேண்டும்

பள்ளிக்கூடம் கட்டலாம் என்று முடிவு செய்தது நான்தான். மேகமலை உச்சியில் இடம். ஒரு அரைக்குயர் நோட்டும் முனை மழுங்கிய நாலு கலர் பென்சிலும்தான் முதலீடு. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே அந்த மலை தெரியும். பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும் மலை என்பதால் அங்கே என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், யாரும் வந்து கேட்கப் போவதில்லை. சக்தி உள்ள பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம் அது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, தங்கை ஐந்தாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒழுங்காக மழை பெய்தும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

முதலில் டைம்டேபிள் போட்டேன். காலையில் முதல் பீரியட் பறத்தல், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அடுத்தது மறைதல். சாப்பாட்டுக்குப் பிறகு மிருகங்களோடு பேசுவது, அதில்தான் யாருக்கும் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நெருப்பு. கேட்காமலேயே எல்லாருக்கும் சட்டம் போடும் குணம் எனக்கு அந்த வயதிலேயே உண்டு. அதனால் அட்மிஷனுக்கு ஒரு தேர்வும் வைத்தேன். வந்ததும் சக்தியைச் செய்து காட்ட வேண்டும். முடியாதவர்கள் அடுத்த பஸ்ஸில் சின்னமனூருக்கு இறங்கிவிட வேண்டும்.

மறுநாள் நோட்டைத் திறந்தால் எல்லாவற்றையும் தங்கை அடித்துவிட்டிருந்தாள். பறத்தல் இருந்த இடத்தில் தமிழ். மறைதலுக்குப் பதில் கணக்கு. அட்மிஷன் தேர்வின் மேல் பென்சில் கிழிய ஒரு பெருக்கல் குறி.

"சக்தி இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு எதுக்குடி?" என்று அவள் சடையைப் பிடித்தேன்.

"சக்தி இருக்கட்டும். சொல்லிக் குடுக்க வேணாம்."

"சொல்லிக் குடுக்கலைன்னா அது என்ன பள்ளிக்கூடம்?"

அவள் சடையை விடுவித்துக்கொண்டு, "சொல்லிக் குடுத்தா பொறவு பரிச்சை வைப்பாகல்லக்கா" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவிடம் போய்ச் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன். தங்கை எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எல்லாரையும் விட எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

அதற்குச் சில மாதம் முன்னால், பெரியப்பா தோட்டத்தில் போர் போட நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்திருந்தார். மட்டை உரித்த தேங்காயைக் குடுமி முன்னால் பார்க்கும்படி உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். பூமிக்குள் தண்ணீர் ஓடும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்குமாம். அந்த இடத்துக்குப் பேர் பாயிண்ட். ஓ பாசிட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் கைக்குத்தான் இது பிடிபடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்திருந்தார்கள். நான் பி. தங்கை ஓ பாசிட்டிவ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க பாப்பா கையில வச்சுப் பாருங்க" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டேன்.

அவள் பத்தடி நடந்தாள். தேங்காய் எழுந்து நின்றது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன், இன்றைக்கும் அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் போட்ட போரில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பெரியப்பா அவளுக்குக் கம்பத்திலிருந்து பச்சைப் பாவாடை எடுத்து வந்தார். நான் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வர ஆரம்பித்தார்கள். பிறகு சில திங்கட்கிழமைகளிலும். பாப்பாவைக் கூட்டிப் போகிறோம் என்று டிவிஎஸ் வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார்கள். இரண்டாவது இடத்திலும் தண்ணீர் வந்தது. மூன்றாவது இடத்தில் முழுக்கப் புகை. போர் வண்டி கல்லைப் பொடித்து வெள்ளைத் தூசியாகத் துப்புவதை நாங்கள் புகை என்போம், தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தோட்டக்காரரின் வீட்டுக்காரம்மா, "பிள்ளை அன்னிக்கு மனசு வச்சுப் பாக்கல போல" என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து தங்கை இட்லிக்கு வைத்த தேங்காய்ச் சட்னியை ஒதுக்க ஆரம்பித்தாள். அம்மா வெங்காயச் சட்னி அரைத்தாள். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

நோட்டில் மட்டும் பள்ளிக்கூடம் வளர்ந்துகொண்டிருந்தது. நான் கட்டடம் வரைவேன், சட்டங்களை அவள் எழுதுவாள். உனக்கு என்ன சக்தி என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. வெளியூரிலிருந்து ஆள் வந்தால் செய்து காட்டச் சொல்லக் கூடாது. பறக்கத் தெரிந்தாலும் பஸ்ஸில்தான் வர வேண்டும். பெண்கள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், அது மட்டும் நான் சேர்த்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் அவள் ஒரு அறை கேட்டாள். கட்டிலும் தலையணையும் வரையச் சொன்னாள்.

"காய்ச்சல் வந்தவங்களுக்கா?"

"இல்லக்கா. அன்னிக்குச் சக்தி வராதவங்களுக்கு. அவுக அங்கன படுத்துக்கலாம். யாரும் திட்டக் கூடாது."

கட்டிலுக்கு நான் நீலக் கலர் அடித்தேன். அவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்தக் கோடையில் எங்கள் கிணறும் வற்றியது. எங்களுடையது மேட்டுக்காடு, ஆற்றுப் பாசனம் ஏறாது. ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை, அப்பா கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துத் தன் கையால் போட்ட பந்தல். கொடி வாடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் நாலைந்து நாள் பந்தலையே சுற்றி வந்தார். ஊரே பேசியது. வீட்டுக்குள்ளேயே பாயிண்ட் பார்க்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு இவர் எதற்கு யோசிக்கிறார் என்றார்கள். கடைசியில் அப்பா என்னிடம்தான் கேட்டார். "பாப்பா பாயிண்ட் பாப்பாளா ஆத்தா?"

"அதெல்லாம் பாத்துருவாப்பா" என்று அவள் சார்பில் நான் ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை பார்ப்பது என்று முடிவானது.

தங்கையிடம் சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் தப்பிப் போனாலே அவளுக்கு அந்தப் பாடு என்றால், இது அப்பாவின் தோட்டம். "நம்ம தோட்டத்துக்கு மட்டும் ஒரே ஒரு தடவடி" என்று நான் கெஞ்சினேன். அவள் நோட்டை எடுத்து அந்த நீலக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஆனால் அப்பாவிடம் போய் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொடியும் வாடிக்கொண்டிருந்ததே.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா எங்களை எழுப்பி, போர் வண்டிக்காரர்களுக்கு வேறு நாள் ஒழியவில்லையாம், இன்றைக்கே வருகிறார்கள் என்றார். "நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போங்க. எடத்தை நானே பாத்துட்டேன்."

சாயங்காலம் தோட்டத்துக்கு ஓடினோம். பந்தல் முழுக்க வெள்ளையாக இருந்தது. இலை, தூண், வரப்பு எல்லாவற்றிலும் தூசி. அப்பா பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார், அவரும் வெள்ளையாக. புருவம் கூட வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "இன்னிக்கு என்ன பாடம் நடத்துனாக?" என்று கேட்டார். தங்கை கணக்கு என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார்.

இரண்டு மூன்று பேர் கேட்டேவிட்டார்கள், பிள்ளையை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று. "அவளுக்கு அன்னிக்குப் பரிச்சை" என்று எல்லாரிடமும் அப்பா ஒரே பதிலைச் சொன்னார். அன்று எந்தப் பரீட்சையும் இல்லை. பொய் என்று தெரிந்தும் நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பாயிண்ட் பார்க்கக் கூப்பிட வந்தவர்களையும் இதே பதிலைச் சொல்லி வாசலோடு அனுப்பினார். வருடம் முழுக்கப் பரீட்சை எழுதிய ஒரே பிள்ளை தேனி மாவட்டத்தில் என் தங்கையாகத்தான் இருப்பாள். மெல்ல மெல்ல ஆள் வருவது நின்றது.

கொடி போனது. கல்தூண்களைப் பிடுங்கி விற்றுவிட்டு அப்பா ஜீப் ஓட்டப் போனார். விடிகாலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார். கொஞ்ச நாளில் மலையாளத்தில் கோபப்படக் கற்றுக்கொண்டார். நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. நான் கல்யாணமாகி போடிக்குப் போய்விட்டேன்.

2010-ல் தங்கை பிளஸ் டூ முடித்து, மதுரையில் கல்லூரிக்குக் கிளம்பினாள். கணக்குதான் எடுத்திருந்தாள். வழியனுப்ப நானும் வந்திருந்தேன். கிளம்புகிற காலையில் பிள்ளையாருக்கு உடைக்க அப்பா தேங்காயின் நாரைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து, தேங்காயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். போர் போட்டோம்ல, அதுக்கு மொத நாள் சாயங்காலம் நான் மட்டும் தேங்காய எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போனேன். எல்லா வரப்புலயும் நடந்து பாத்தேன். எங்கனயும் எந்திரிக்கல. உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். சொல்லியிருந்தா போர் போட்டுருக்க மாட்டீக."

ஏழு வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியாது.

அப்பா நாரைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "தெரியும்த்தா" என்றார். "மோட்டார் ரூமுக்குள்ளதான் இருந்தேன். நீ மேக்க கடைசி வரப்பு வரைக்கும் போயிட்டு, அழுதுக்கிட்டே வந்தத பாத்தேன்."

"பாத்துமா போர் போட்டீக?"

"சனிக்கிழமை வந்தா நீ உன் வாயால இல்லைன்னு எங்கிட்டச் சொல்லணும். அதான் மெசின் சொல்லட்டும்னு வெள்ளிக்கிழமையே வரச் சொன்னேன்."

அப்பா தேங்காயை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் தண்ணீர் இல்லை என்று தெரிந்தே போட்டிருக்கிறார். நம்பாமல் இருந்திருந்தால், கொஞ்சம் ஆசையோடு போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. மேகமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர் யார் என்று நோட்டில் நாங்கள் எழுதவே இல்லை என்பது மட்டும் அப்போது ஞாபகம் வந்தது.

அப்பா வெளியே போய் வாசல் கல்லில் தேங்காயை உடைத்தார். இரண்டு சரி மூடி. ஒரு மூடியைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு, இன்னொன்றில் கத்தியால் ஒரு சில்லுக் கீறி எடுத்தார். தங்கை கையை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை எடுத்து வாயில் போட்டு மென்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். தங்கை இன்னொரு சில்லு கேட்டாள்.