‘இல்லை’ சொல்லாத தெரு

“…வூட்டுக்கு வந்த பொண்ணு கேக்கும்போது, தண்ணி இல்லன்னு எப்பிடி வாயால சொல்றது? வெளக்கு ஏத்துற வூடாச்சேம்மா,” என்றார் என் பக்கத்து வீட்டு அக்கா.

நீலசந்திராவில் எங்கள் வார்டுக் கூட்டம். ஜன்னல் வழியே வந்த மதிய வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. மின்விசிறியின் முனகலில் எனக்குப் பாதிக் கண் சொக்கியது. எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றி ஓர் ஆராய்ச்சிப் பெண் வீடுவீடாகக் கேட்டு, பத்திரிகையில் நீளமாகக் கட்டுரை எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு வரியைத்தான் குடிநீர் வாரிய அதிகாரி சற்று முன் வாசித்தார்: பெரும்பாலான வீடுகளில் குழாய்த் தண்ணீர் போதுமான அளவு வருகிறது. ஆகவே எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியை நிறுத்திவிடலாம் என்றார்.

கட்டுரை எழுதிய பெண்ணும் வந்திருந்தார். “நான் கேட்டப்ப எல்லாரும் வருதுன்னுதானே சொன்னீங்க அக்கா?” என்று அவர் திகைத்துக் கேட்டதற்குத்தான் அக்காவின் இந்தப் பதில். எங்கள் தெருவில் அரிசிப் பானை காலியானாலும் ‘இல்லை’ என்ற சொல்லை வீட்டுக்குள் விடமாட்டோம். எங்கள் வீட்டிலும் அவரிடம் “தாராளமா வருதும்மா” என்று சொல்லி, டேங்கர் தண்ணீரில் போட்ட காப்பியைக் கொடுத்து உபசரித்திருந்தோம்.

லாரி நின்றால் குடிக்க என்ன செய்வது? கூட்டத்தின் பேச்செல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது.

“அப்ப மறுபடியும் கேட்டு எழுதட்டுமா அக்கா?” என்றார் அந்தப் பெண்.

“கேக்காத கண்ணு, வந்து பாரு.”

அக்கா அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தார். அதிகாரியும் பின்னாலேயே வந்தார். அக்கா குழாயைத் திறந்து, அடியில் குடத்தை வைத்து, அது நிறையும்வரை இருவரும் உட்கார இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டார்.