வேன் அங்கிளின் மகள்

என் தம்பி லோகேஸ்வரனுக்குப் புக்கிட் செந்தோசாவில் இருபத்தாறு பிள்ளைகள். அவற்றில் இரண்டுதான் அவன் பெற்றவை. மற்றதெல்லாம் விடியற்காலையில் அவன் மஞ்சள் வேனில் தூங்கி வழிந்துகொண்டு ஏறி, தமிழ்ப்பள்ளி வாசலில் கத்திக்கொண்டு இறங்குபவை. லோகேஸ்வரன் எங்கே இருக்கிறான் என்று கடைத்தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. வேன் அங்கிள் என்றால் கைபிடித்துக் கூட்டி வந்து வீட்டில் விடுவார்கள்.

மூத்தவன் குகன் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தபோது வேனில் மண்டோர் வேலை பார்த்தான். "இது எங்கப்பா வேன்" என்று சொல்லிக்கொண்டு, யார் எங்கே உட்காருவது, யார் ஜன்னலைத் திறப்பது என்று அதிகாரம் செய்தான். இரண்டு பிள்ளைகளின் தாய்மார்கள் முறையிட்டார்கள். என் தம்பி நியாயஸ்தன். வேனை ஓரமாக நிறுத்தினான். "வேன்ல அப்பா கிப்பா எல்லாம் கெடையாது. எல்லாரும் அங்கிள்னுதான் கூப்பிடணும், வெளங்குதா?" என்று சட்டம் போட்டான். ஒவ்வொரு வருடமும் புதுப்பிள்ளைகள் ஏறும்போது அதை விரலை ஆட்டி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

அந்தச் சட்டம் அவன் தலையிலேயே விழும் என்று யார் கண்டது? அவன் மனைவி அன்பரசிக்குச் செரண்டாவில் தொழிற்சாலை வேலை. பொழுது விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். அதனால் சின்னவள் லோஷினி ஒரு வயதிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வளர்ந்தவள். அவள் வாயில் வந்த முதல் சொல் 'அங்கிள்'. எல்லோரும் சிரித்தோம். இரண்டு வயதிலும் சிரித்தோம். நான்கு வயதாகியும் பெற்ற தகப்பனை அங்கிள் என்றே கூப்பிட்டாள். நான் மட்டும் சிரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ சிரிக்காதக்கா" என்றான் ஒருநாள். "அடுத்த வருஷம் பாலர் பள்ளிக்குப் போகப் போறா. ஒங்கப்பா எங்கனு டீச்சர் கேட்டா, தெரியாதுனு சொல்லிருவா போல. ஒரே ஒரு தடவ, அவ வாயால கேட்டாப் போதும்லா."

அவன் குரல் கம்மியிருந்தது. எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அவன் எல்லாம் செய்து பார்த்துவிட்டான். கெஞ்சினான், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அப்பா சொல்லு என்றால் அவள் ஐஸ்கிரீமையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "அப்பா அங்கிள்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

பள்ளி விடுமுறை வந்தது. கோலசிலாங்கூர் பக்கம் கடலுக்கு நடுவே மணல்திட்டு ஒன்று சில நாட்கள் மட்டும் வெளியே தெரியும், வானமே காலடியில் இருக்கும் என்று குகன் பள்ளியில் கேட்டு வந்து நச்சரித்தான். ஒரு காலையில் ஐந்து பேரும் கிளம்பினோம். வேறு வண்டி ஏது? அதே மஞ்சள் வேன்தான்.

பிள்ளைகள் இல்லாத வேனில் காற்று தாராளமாக ஓடியது. நான் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டேன். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், அவற்றின் இடுப்புவரை பனி. வெயில் வந்தும் வராமலும் இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வந்த இடத்திலெல்லாம் வேன் தானாக மெதுவானது. பழக்க தோஷம். யாரும் ஏறவில்லை என்றதும் மறுபடி வேகம் எடுத்தது.

கோலசிலாங்கூரில் ஜக்கரியா பாயின் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். பாய் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பவர். "பாப்பா, அப்பாவுக்கு இன்னொரு ரொட்டி வைக்கட்டுமா?" என்று லோஷினியைக் கேட்டார்.

"இவங்க அங்கிள்" என்று திருத்தினாள் அவள். பிறகு, பாவம் அவருக்கு விவரம் தெரியவில்லையே என்று நினைத்தாளோ என்னவோ, கடை முழுக்கக் கேட்கும்படி விளக்கினாள்: "அங்கிள் தெனமும் எங்க வீட்டுலதான் தூங்குவாங்க."

பக்கத்து மேசையில் ஒருவர் தேநீரைக் கீழே வைத்தார். அன்பரசி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். குகன் மேசைக்கு அடியில் போய்விட்டான். ஜக்கரியா பாய் கூரையைப் பார்த்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். என் தம்பியும் சிரித்தான். ஆனால் அவன் தட்டில் பாதி ரொட்டி அப்படியே இருந்தது.

பத்தரை மணிக்குப் படகு. முக்கால் மணி நேரம் போனபின் கரை மறைந்தது, மரங்கள் மறைந்தன. படகு நின்ற இடத்தில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அலை இல்லை. மேலே இருந்த மேகமெல்லாம் கீழேயும் இருந்தது. எது நீர், எது வானம் என்று கோடு போட்டுச் சொல்ல முடியவில்லை. தூரத்தில் நான்கைந்து குடும்பத்தார் மேகத்தின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கு வயது, முட்டிவலி, வீட்டுக் கவலை எல்லாம் மறந்துபோனது. நிஜமாகவே மறந்துபோனது.

லோஷினி படகை விட்டு இறங்க மறுத்தாள். "அத்த, கீழயும் வானம் இருக்கு. விழுந்துட்டா?"

லோகேஸ்வரன் கையை நீட்டினான். "அங்கிள் புடிச்சுக்கங்க" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்தான். அந்த நேரத்தில் எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது. கூப்பிட்டால் என்ன, கூப்பிடாவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் அது என் எண்ணம், அவனுடையது அல்ல.

அவளை எங்களிடம் இறக்கிவிட்ட நேரத்தில் காற்று அடித்துக் குகனின் தொப்பியைக் கொண்டுபோனது. என் தம்பி அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். அது அவனுக்குப் பிடிபடாமல் உருண்டது.

"அப்பா! அந்தப் பக்கம் அப்பா!" என்று கத்தினான் குகன்.

லோஷினி அவன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். "அப்பானு சொல்லக்கூடாது! அங்கிள் ஏசுவாங்க!"

"அது வேன்லதான்லா" என்றான் குகன். "இங்க வேன் எங்க இருக்கு?"

அவள் சுற்றிப் பார்த்தாள். நான்கு பக்கமும் வானம். வேன் இல்லை.

"வீட்லயும் இல்லயா?"

"வீடு என்ன வேனா?"

நானும் அன்பரசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா என்று சொல்லச் சொல்லி எத்தனை பேர் எத்தனை நாள் கெஞ்சியிருப்போம்! அந்தச் சட்டம் வேன் கதவோடு முடிந்துவிடுகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. இருபத்தாறு பிள்ளைகளில் அவன் பேச்சை மீறாமல் நடந்தவள் இவள் ஒருத்திதான். இவளைப் போய் மூன்று வருடம் கேலி பேசியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

லோஷினி தகப்பன் ஓடிய பக்கம் திரும்பி நின்றாள்.

"அப்பா" என்றாள் மெதுவாக. உடனே எங்கள் முகத்தைப் பார்த்தாள். யாரும் ஏசவில்லை.

"அப்பா!" என்றாள், இப்போது நன்றாகவே.

அவன் தொப்பியைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டது. கேட்டதை நானே பார்த்தேன். ஆனால் அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்தான்.

"அண்ணே, ஒங்க பிள்ளதான் கூப்பிடுது போல" என்றான்.

அன்பரசி கூப்பிட வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

லோஷினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். பொறுமை போய்விட்டது அவளுக்கு.

"அங்கிள்! அப்பானு எத்தன தடவ கூப்பிடறது!"

அவன் திரும்பினான். கையிலிருந்த தொப்பியைக் காற்று மறுபடியும் கொண்டுபோனது. அவன் அதன் பின்னால் போகவில்லை.