அரைப் பைத்தியத்துக்கு ஒரு வக்கீல்

திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் நின்றுகொண்டு, இங்கிலாந்தில் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு சட்டத்தை வைத்து முக்கால் மணி நேரம் வாதாடிய அசடு நான்தான். இந்தப் பட்டத்துக்கு வேறு யாரும் போட்டியிட்டதாகத் தெரியவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. வக்கீல் வைக்க வழியில்லாத கொலைக் கைதிக்குக் கோர்ட்டே ஒரு வக்கீலைக் கொடுக்கும். சும்மா இருக்கிற வக்கீலாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அந்தத் தகுதி எனக்கு நிறையவே இருந்தது.

கைதி மருங்காபுரிப் பக்கத்து விவசாயி. கிணற்றில் அண்ணன் விஷம் கலக்கிறான் என்று நம்பி அவனை வெட்டிவிட்டு, அதே அரிவாளோடு ஸ்டேஷனுக்கு நடந்து போய் உட்கார்ந்துவிட்டார். கிணற்றில் ஒரு விஷமும் இல்லை. ஆறு மாதமாக மனைவி குடித்துக் காட்டாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லையாம்.

"தூக்குல மட்டும் போட விட்டுறாதீங்க அய்யா" என்றாள் அவர் மனைவி.

நம் சட்டத்தில், செய்வது தப்பென்றே தெரியாத அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தால்தான் தப்பலாம். இவரோ தெரிந்துதான் ஸ்டேஷனுக்குப் போனார். இங்கிலாந்தில் அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது: மனக்கோளாறால் பொறுப்பு பெரிதும் குறைந்திருந்தால் அது கொலையல்ல, ஒரு படி கீழான குற்றம். லைப்ரரியில் அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே உரக்க ஒத்திகை பார்த்தேன். காவேரிப் பாலம் வருவதற்குள் பக்கத்து ஸீட்காரர் எழுந்து நின்றுகொண்டார்.

கோர்ட்டில் நான் முழங்கி முடித்ததும் அரசு வக்கீல் கேட்டார்: "தம்பி, காவேரியத் தாண்டி வந்தீங்களா, தேம்ஸத் தாண்டி வந்தீங்களா?"

"காவேரிதான் சார். மூட்டைய மட்டும் அங்கேர்ந்து தூக்கிட்டு வந்தேன்."

ஜட்ஜ் சிரிக்கவில்லை. "அந்தச் சட்டம் இங்கே இல்லை. உட்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ வராதோ என்ற பயம்தான்.

"சட்டம் இல்லைங்க. ஆனா மனுஷன் இங்கதான் நிக்கறார். கொலைன்னே தீர்ப்புச் சொல்லுங்க. தூக்கா, ஆயுளாங்கறது உங்க கையில இருக்கு. ஜெயில் டாக்டரே சாட்சி சொன்னார்: இன்னைக்கும் வார்டர் குடிச்சுக் காட்டாம இவர் தண்ணி குடிக்கறதில்ல. அதை மட்டும் பாருங்க."

"வேற?"

"அதேதாங்க" என்று அதையே திரும்பச் சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னபோது ஜட்ஜ் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

நாலு நாள் கழித்துத் தீர்ப்பு: கொலைக்குற்றம் உறுதி, மனநிலையைக் கருதி ஆயுள் தண்டனை.

வராந்தாவுக்கு ஓடினேன். அந்த அம்மாளிடம் தூக்கு இல்லை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. இங்கிலாந்துச் சட்டம் முன்வாசலில் தோற்றுக் கொல்லைப்புறமாக எப்படி ஜெயித்தது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத விடுங்க, அவர எப்ப பாக்கலாம்?"